இரண்டாவது ஊசி

புதிதாகக் கிளினிக் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு டைபாய்டு ஊசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிற எவரும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகுதான் சட்டியில் கை வைக்கலாம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ஊசி. நம்மைவிடக் கடை முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது வேண்டிய நேரத்தில் மண்டைக்கு வராததால் ஒரு மனிதருடைய வாழ்க்கையை நான் கிட்டத்தட்டக் கவிழ்த்துவிட்டேன்.

சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த தனியார் கிளினிக்கில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தேன். இங்கே நர்ஸை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயரை மறந்துபோகிற அளவுக்கு நான் மிஸ்ஸியாகவே இருந்துவிட்டேன். உங்களில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரிகளுக்குப் பக்கத்துக் கிளினிக்குகளுக்கும், மீதிப் பேர் செபராங் ஜெயாவுக்கும் போகப்போவதாகச் சொன்னார்கள். எங்கே போனாலும் உங்களிடம் வரப்போகிறவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்கு உடம்பில் சொல்லக் கூசுகிற இடத்தில் ஒரு கோளாறு வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று உங்களுக்குப் பயிற்சியில் நிறையச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது பயிற்சியில் வராதது.

அந்தத் தெருவில் இரண்டு வகை வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. முதுகில் மூட்டையோடு வந்து மலிவான விடுதிகளில் தங்குகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு வகை. கவுன்ட்டருக்கு வந்து, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்குப் பால்வினை நோய்ச் சோதனை வேண்டும் என்று பலசரக்கு கேட்கிற குரலில் கேட்பார்கள். எனக்குத்தான் முகம் சிவக்கும். இன்னொரு வகை, பெர்மிட்டில் வேலைக்கு வந்தவர்கள். காய்ச்சல் என்பார்கள், தலைவலி என்பார்கள், வயிறு என்பார்கள். டாக்டர் அறைக்குள் போய்க் கதவு சாத்தின பிறகும் காய்ச்சல் என்றேதான் சொல்வார்கள். நோய் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு ஊர் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. இன்னொருவர் ஊரைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவரை முருகேசு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அது இல்லை. ராமநாதபுரம் பக்கத்துக்காரர், முப்பத்து நாலு முப்பத்தைந்து வயது, சோற்றில் பலவகைக் கறி ஊற்றித் தருகிற ஒரு நாசி கண்டார் கடையில் கறி சமைக்கிறவர். அந்தக் கடையில் வேலை செய்த ஒன்பது பேருமே ஒரே ஊர். முதலாளிக்கும் பூர்வீகம் அதே ஊர்தான். அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேயிருந்துதான் ஆள் எடுப்பார்கள். முதலாளியின் அக்கா வீடும் முருகேசுவின் வீடும் இரண்டு தெரு தள்ளி. இங்கே ஒருவர் மீன் குழம்பில் உப்பைக் கூடப் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் அங்கே வாட்ஸ்அப்பில் பேசிச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு முருகேசு தனியாக வந்து உட்கார்ந்தார். காய்ச்சல் என்றார். தொட்டுப் பார்த்தேன், என்னைவிடக் குளிர்ச்சியாக இருந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, ரத்தம் சோதிக்கணும் மிஸ்ஸி என்றார். எதுக்கு என்று நான் கேட்கவில்லை. அது மட்டும் நான் அன்றைக்குச் சரியாகச் செய்தது.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக லீவில் ஊருக்குப் போகிறார். இன்னும் நாலு வாரத்தில் திருச்சிக்கு விமானம். வீட்டில் மனைவி இருக்கிறார். நடுவில் எப்போதோ, தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போய், இரண்டு தடவை ஓரிடத்துக்குப் போயிருக்கிறார். யாரிடம் என்று டாக்டர் கேட்டதற்கு அவருக்கு அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் உள்ளங்கையில் தடிப்புத் தடிப்பாக ஏதோ வந்து, தானாகவே போய்விட்டது. போனது போகட்டும் என்று விட்டிருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள். இவர் மனைவியை நினைத்து வந்தார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

சோதனையில் சிபிலிஸ் என்று வந்தது. எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் என்ற பெயரைக் கேட்டதும் நெளிகிறவர்கள் இப்போதே நெளிந்து முடித்துவிடுங்கள், நாளைக்கு நோயாளி முன்னால் நெளியக் கூடாது. மருந்தால் முழுசாகக் குணமாகிற நோய் அது. எப்போது தொற்றியது என்று நிச்சயமாகத் தெரியாததால் டாக்டர் வாரம் ஒன்றாக மூன்று ஊசி என்று முடிவு செய்தார். இடுப்புக்குக் கீழே, ஆழமாக, நன்றாக வலிக்கிற ஊசி. வியாழக்கிழமை தோறும் வர வேண்டும். நடுவில் ரொம்ப இடைவெளி விட்டால் மறுபடி முதலிலிருந்து.

முருகேசு இரண்டே இரண்டு விஷயம் கேட்டார். விமானம் ஏறுவதற்குள் முடிந்துவிடுமா என்று ஒன்று. முடிந்துவிடும் என்றார் டாக்டர். கடைக்குத் தெரியாமல் இருக்குமா என்று இன்னொன்று. அதற்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். எங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போவாது என்று, என்னமோ நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். முதல் ஊசி அன்றைக்கே, அந்த வியாழக்கிழமையே போடப்பட்டது.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பயந்துபோய் நிறுத்திவிட்டாரோ, பாதி மருந்தோடு ஊருக்குப் போய்விடுவாரோ என்று மனசு ஓடியது. அவருடைய கார்டை எடுத்தேன், அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன், முருகேசு இருக்காரா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், வேலையா இருக்கான், என்னா விஷயம் என்றது. கிளினிக்லேருந்து மிஸ்ஸி பேசுறேன், ரெண்டாவது ஊசிக்கு வரணும், மறந்துட்டாரு போல என்றேன். சரி மிஸ்ஸி, அனுப்புறேன் என்று போன் வைக்கப்பட்டது.

வைத்த பிறகுதான் கார்டை ஒழுங்காகப் பார்த்தேன். அது டைபாய்டு ஊசிக்காக இரண்டு வருடம் முன்னால் கடையிலிருந்து மொத்தமாக எல்லோரையும் கூட்டி வந்தபோது போட்ட கார்டு. ஒன்பது பேருக்கும் ஒரே நம்பர்தான். கடை நம்பர். பேசினவர் முதலாளி. கடை ஆளுக்கு இரண்டாவது ஊசி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது பினாங்கிலேயே மிக நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரிடம் இரண்டாவது ஊசி என்று சொல்லியிருக்கிறேன். நோயின் பெயரைச் சொல்லவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். பெயர் எதற்கு? அந்த ஒரு வார்த்தையே போதும்.

முருகேசு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. முதலாளி என்ன ஊசிடா என்று கேட்டதாகவும், தெரியல முதலாளி, கூப்புட்டாங்க என்று சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊசி போட்டுக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து போனார். வெளியே கவுன்ட்டரில் ஆள் நின்றுகொண்டிருந்ததால் அவருடைய சொந்த நம்பரைக் கேட்டு வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு முதலாளியே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கைலி, கையில் கரேத்தா சாவி, வாசலில் கார். நல்ல மனிதர் என்றுதான் தெருவில் பேர். ஆனால் பெர்மிட் அவர் கையில், பாஸ்போர்ட் அவர் பெட்டியில், ஊரும் அவருடைய ஊர். அவர் வாயைத் திறந்தால் முருகேசுவுக்கு வேலையும் போகும், வீட்டுக்கு அவர் போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேரும். என் மண்டைக்குள் இதுதான் ஓடியது.

“மிஸ்ஸி, டைபாய்டுக்கு எப்பலேருந்து ரெண்டு ஊசி போடுறீங்க?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

அது டைபாய்டு இல்லண்ணே, ஹெபடைடிஸ் பி, ஈரலுக்கு நல்லது, மூணு தடவை போடணும் என்றேன். எங்கேயிருந்துதான் வந்ததோ, ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. மூன்று ஊசி கணக்குக்குப் பொருந்துகிற பொய்யாகப் பார்த்து எடுத்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கார்டு விஷயத்துக்குத் திட்டுவார், பொய்யைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்தத் தெருவில் இருந்து இருந்து தமிழ் நன்றாகவே பேசுவார். கார்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பொய் நீ சொல்லிட்டே. நாளைக்கு அதுக்குள்ள இருந்து வாழப்போறது அவன். அவனக் கேட்டியா?” என்றார். கேட்கவில்லை. கேட்க நம்பரும் இல்லை. மறுபடி கடைக்குப் போன் பண்ண எனக்குத் தைரியமும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணி. கதவு திறந்தது. முதலில் முதலாளி, பின்னால் வரிசையாகக் கடை ஆட்கள் ஒன்பது பேரும். அந்த வரிசையில் கடைசி ஆள் முருகேசு.

“ஈரலுக்கு நல்ல ஊசின்னு சொன்னீங்கல்ல மிஸ்ஸி. ஒருத்தனுக்கு மட்டும் என்னாத்துக்கு? எல்லாருக்கும் போட்டு விடுங்க லா” என்றார் முதலாளி.

கெட்ட மனிதராக இருந்தால் என் பொய் நின்றிருக்கும். நல்லவராக இருந்து என்னை மாட்டிவிட்டார். டாக்டர் உள்ளே ஒரு குழந்தைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார், இப்போதைக்கு வர மாட்டார். ஒன்பது பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், விஷமமே இல்லாமல், சும்மா வாய் வார்த்தையாகக் கேட்டார்: “ஒனக்கு இடுப்புல போட்டாகன்னுதான நொண்டிக்கிட்டு வந்தே? எங்களுக்கு மட்டும் கையிலயா?”

முருகேசு தரையைப் பார்த்தார். முதலாளி முருகேசுவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துபோய்விட்டது என்று அந்தப் பார்வையிலேயே எனக்கும் புரிந்தது. பிள்ளைகளே, இந்த வேலையில் யோசிக்க நேரம் கிடைக்கிற தப்புகள் குறைவு. எனக்குக் கிடைத்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. இடுப்பில் போட்டால் வேகமாகப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம், அவர்கள் நம்பியும் இருப்பார்கள். ஆனால் அதையும் முருகேசுதான் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

அவரை மட்டும் கட்டுப்போடும் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கடை நம்பர் என்று பார்க்காமல் போன் பண்ணினது என் தப்பு, பொய் சொன்னது இரண்டாவது தப்பு, இப்போது முதலாளியிடம் நான் பொய் சொன்னேன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், உங்களுக்கு என்ன என்பதைச் சொல்ல மாட்டேன், நீங்கள் வேண்டாம் என்றால் அதுவும் இல்லை என்றேன்.

முருகேசு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். “எதுக்கு மிஸ்ஸி நீங்களா ஒண்ணச் சொன்னீக? என்னயக் கேட்டிருந்தா நானே எதையாச்சும் சொல்லியிருப்பேன். மொதலாளிய எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதுல்ல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சலிப்பாகச் சொன்னார். அப்புறம், சரி, சொல்லுங்க என்றார்.

அவர் வெளியே போக, முதலாளி உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் நேராகவே ஆரம்பித்தேன்.

“அண்ணே, போன வாரம் உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். அது ஹெபடைடிஸ் ஊசி இல்ல. என்னா ஊசின்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்களப் பத்தி யாராச்சும் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்.”

கரேத்தா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். வெளியே கடை ஆட்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. “சோத்துல கை வெக்கிற ஆளு. அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

கடையில் யாருக்கும், சாப்பிட வருகிற யாருக்கும் அவரால் ஒன்றும் வராது, இன்றைக்கு மத்தியானம் நானே அவர் வைத்த கறியைத்தான் வாங்கிச் சாப்பிடப்போகிறேன் என்றேன். அது பொய் இல்லை. வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் என் சாப்பாடு.

“நான் ஊருக்குச் சொல்லிடுவேன்னு பயந்தீங்களா?”

“ஆமாண்ணே.”

“அவன் பயந்தானா, நீங்க பயந்தீங்களா?”

இரண்டு பேரும்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன பேசுவது என்று முருகேசுவைக் கேட்காமல் நானாகவே எடுத்து வைத்த பயம் அது. இந்த மனிதர் என்ன செய்வார் என்று அவர் வாசல் ஏறுமுன்னே நான் முடிவு செய்துவிட்டேன். நான்தான் பயந்தேன் என்றேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “வந்தது வந்துட்டாங்க. நெசமாவே அந்த ஈரல் ஊசிய எல்லாருக்கும் போட்டு விட்டுருங்க. அவனுக்கும் கையில ஒண்ணு போடுங்க, எல்லாரும் பாக்குற மாதிரி.”

இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கட்டுப்போடும் அறையில் நான் நின்று அழுதது அன்றைக்கு ஒரு நாள்தான். அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் தையலை முடித்துக்கொண்டு வந்து, அந்த ஊசி எதற்கு என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்லி, வேண்டுமா என்று கேட்டார். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார், அவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். மற்றவர்களோடு சேர்ந்து முருகேசுவும் கையை நீட்டினார். அப்புறம் முதலாளி, நீ இருந்து பில்லை வாங்கிட்டு வா என்று அவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது ஊசி நிம்மதியாகப் போடப்பட்டது. மருந்து முடிந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. எனக்கும் அன்றைக்கு இதோடு முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் டாக்டர் முருகேசுவிடம் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. மருந்து வேலை செய்திருக்கிறதா என்று சில மாதம் கழித்து ரத்தம் பார்த்துத்தான் நிச்சயம் சொல்ல முடியும், அதுவரைக்கும் மனைவியோடு இருக்கும்போது ஆணுறை போட்டுக்கொள்வது நல்லது என்றார்.

முருகேசு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “மூணு வருஷம் கழிச்சுப் போறேன் மிஸ்ஸி. உறையோட போயி நின்னா அவ என்ன நெனப்பா? அவகிட்ட என்னத்தச் சொல்றது?”

தடுப்பூசி போட்டதால் டாக்டர் அப்படிச் சொன்னார் என்று சொல்லுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. பொய்யில் கால் இடறி எழுந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்கிட்ட இனிமே உங்களுக்குக் கொடுக்கப் பொய் இல்ல, வேணும்னா என்னா சொல்லலாம்னு சேர்ந்து பாக்கலாம் என்றேன்.

ஆலோசனைக்கு வருகிறவர்களோடு நாங்கள் அப்படிச் செய்வது வழக்கம். அவர் எதிரே நாற்காலியில் நான் மனைவியாக உட்கார்ந்தேன். அவர் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் தடவை கூட்டிப்போன ஆளைத் திட்டினார். இரண்டாவது தடவை இங்கே ஒரே அறையில் ஒன்பது பேர் படுப்பது, வீட்டு ஞாபகம், தனிமை என்று சுற்றிச் சுற்றி வந்தார், விஷயத்துக்கு வரவே இல்லை. அவ்வளவும் உண்மைதான். பாவம், யாரும் அவர்களிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. விமானம் ஏற்றும்போது பெர்மிட்டைப் பற்றிச் சொல்கிறார்கள், சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், உடம்பு என்று ஒன்று கூடவே வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மனைவியிடம் சொல்ல அது ஆரம்பம் ஆகாது.

மூன்றாவது தடவை, என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் தப்புப் பண்ணிட்டேன். அதுல ஒரு வியாதி வந்துச்சு. மூணு ஊசி போட்டு மருந்த முடிச்சுட்டேன். ஒனக்கு வந்துறக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து, மனைவி என்ன சொல்வாள் என்று என் முகத்தைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தார். எனக்கு அது வாயில் வரவில்லை. அத்தனை நேரமும் நான் அவர் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு வந்தது கோபம். மூன்று வருடம் ஒருத்தி காத்திருக்கிறாளே என்ற கோபம். கடைசியில், இப்படியே சொல்லுங்க, அவங்க என்னா சொன்னாலும் உக்காந்து கேளுங்க, எந்திரிச்சுப் போயிடாதீங்க என்று மட்டும் சொன்னேன். அவர் போய்விட்டார்.

அவர் திரும்பி வருவாரா என்றுகூட எனக்கு நிச்சயம் இல்லை. ஊருக்குப் போன சிலர் வருவதில்லை. அவர் வந்தார். ரத்தம் பார்க்க வேண்டிய மாதத்தில், சொன்ன நாளில், காய்ச்சல் என்று சொல்லாமல், ரத்தம் பார்க்க வந்தேன் மிஸ்ஸி என்று கவுன்ட்டரில் நின்று சொன்னார். ஊரில் யாருக்கும் எந்தச் சேதியும் போகவில்லையாம். முதலாளி இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லையாம். ரத்தம் எடுத்துக்கொண்டே மெல்ல விசாரித்தேன்.

போய் இறங்கின அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாராம். நாங்கள் பேசிப் பார்த்த மாதிரியே. அவர் மனைவி அழவில்லை, கத்தவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். பதினோரு நாள் பேச்சு இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, எனக்கும் பாக்கணும் என்றாராம். உனக்கு வர வாய்ப்பே இல்லை என்று இவர் சொல்லியும் கேட்கவில்லை. பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. இப்போது தினமும் போன் பேசுகிறார்கள்.

“நல்லதுதானே” என்றேன்.

“நல்லதுதான் மிஸ்ஸி” என்றார். பிறகு, ஊசி ஏறியிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கெளம்புறப்ப ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. டாக்டருக்குத் தெரியும், அந்த மிஸ்ஸிக்குத் தெரியும், மொதலாளி வரைக்கும் தெரிஞ்சிருக்கு. இத்தன பேரு நல்லவுகளாச் சேந்து யாருகிட்ட மறைச்சீகன்னு கேட்டா.”

அந்த மூன்று வாரமும் முருகேசுவின் வேலையைக் காப்பாற்ற ஓடினேன், பேரைக் காப்பாற்ற ஓடினேன், என் தப்பை மூட ஓடினேன். அந்தப் பெண்ணை ஒரு ஆளாக நான் நினைத்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷம்தான். அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும், நாம் சொல்லக் கூடாது, அது சட்டம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் சொல்வதற்கு அவரைத் தயார்ப்படுத்துகிற வேலையை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். நான் கடைசி நாள், அதுவும் அவர் கேட்டதால் தொடங்கினேன். அவர் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊசியை உருவி, குத்தின இடத்தில் பஞ்சை வைத்து, அழுத்திப் பிடிங்க என்றேன். அவர் பிடித்துக்கொண்டார். நான் அவர் மனைவியின் பெயரைக் கேட்டேன். அத்தனை நாளில் அதுவரைக்கும் கேட்டதே இல்லை.